முறை முடிந்த குதிரை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் காலையில் எழுந்ததும் எல்லாரும் மேற்கே பார்ப்பார்கள். மலை தெரிகிறதா, மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கிறதா, உட்கார்ந்தது எழுந்து போய்விட்டதா என்று. தலைக்கு மேலே வானம் வெளிறிக் கிடக்கும், வெயில்கூட அடிக்கும். அதை நம்பித் துணி காயப்போடலாம். ஆடு மாட்டை அவிழ்த்துவிட முடியாது. மலையில் பெய்தால் ஓடையில் வந்துவிடும். இங்கே ஒரு சொட்டு விழுந்திருக்காது, ஓடை மட்டும் இரண்டு கரையும் புரண்டு ஓடும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையடியில் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். பென்ஷன் வாங்குகிற இரண்டு ஆண்களுக்கு மட்டும் அன்றைக்கு இது தெரியாமல் போனது. தெரியாமல் என்ன தெரியாமல், தெரிந்துதான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்களிடம் ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. நிறம் செவலை, கூப்பிடுவதும் செவலை என்றுதான். என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒன்றாக இருந்த காலத்தில் குதிரை வண்டிப் பந்தயத்துக்காகச் சேர்ந்து வாங்கியது. அண்ணன் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை மூத்தவர் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் ராணுவத்தில் இருந்தவர். உடனே துப்பாக்கியை நினைக்க வேண்டாம், அவர் பிடித்ததெல்லாம் கோவேறு கழுதையின் கயிறு. வடக்கே பனிமலையில் கழுதை முதுகில் சாமான் ஏற்றி, மேலே காவல் நிற்கிறவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. அதனால் நாலு கால் உள்ள எதைப் பற்றியும் அவரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிவிட முடியாது.

வண்டியில் பூட்டி ஓட்டியதும் ஜெயித்து மாலை போட்டுக்கொண்டதும் அவர்கள். கொள்ளு ஊறவைத்தது, கொட்டகை கூட்டியது, ஈ மொய்க்கிற புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவியது எல்லாம் நானும் மூத்தவர் மனைவியும். உறவில் அவர் எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், வாய் வார்த்தைக்கு இல்லை, நிஜமாகவே. கல்யாணமாகி வந்த புதிதில் மாட்டுத்தொழுவத்தில் ஒளிந்து நின்று அழுதுகொண்டிருந்த என்னைக் கண்டுபிடித்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த முறுக்கைக் கொடுத்து, "ஏட்டி, அழுறதுன்னா வயித்துக்குப் போட்டுட்டு அழு" என்று சிரிக்கவைத்தவர். அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

மழைக்காலத்தில் குதிரையை அவிழ்த்துவிடுவதா, கட்டிப்போடுவதா என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. எங்கள் கொட்டகைக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் உள்ளே நின்று பேசுவது காதில் விழாது. செவலை கண்ணை உருட்டிக்கொண்டு முளையைச் சுற்றிச் சுற்றி வருவாள், பின்னங்காலால் சுவரை உதைப்பாள். இரண்டு நாள் நின்ற இடத்திலேயே நின்றால் கால் வீங்கும், வயிறு மந்தம் தட்டும். வயிற்றுவலி வந்த குதிரை தரையில் விழுந்து புரள்வதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி அதைக் கட்டிப்போட யோசிப்பார்கள். வெளியே விட்டால் தூறலுக்கெல்லாம் ஒன்றும் ஆகாது. காற்றுக்கு முதுகைக் காட்டித் தலையைத் தொங்கப்போட்டு நிற்பாள், மழை விட்டதும் உடம்பை உதறிவிட்டு மேய்வாள். மழையோடு காற்றும் சேர்ந்தால்தான் நடுக்கம். இடி மின்னல் என்றால் தனியாக நிற்கிற பனைமரத்தடியில் போய் ஒண்டுவாள், அது வம்பு. சேற்றிலேயே கிடந்தால் குளம்பு அழுகும். இத்தனையையும் மனதுக்குள் போட்டுப் பார்த்துத்தான் ஒவ்வொரு நாளும் முடிவெடுக்க வேண்டும்.

என் கணவருக்கு அந்தத் தொல்லையே கிடையாது. "மிருகம் கூரைக்குள்ள நிக்கப் பொறக்கலட்டி. பனி கொட்டுத எடத்துல எங்க கழுதைக வெளியதான் நின்னுச்சு. இந்தத் தூத்தலுக்குக் குடை பிடிக்கச் சொல்லுதியா?" என்பார். பாதிக்கு மேல் அவர் சொல்வது சரிதான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய கழுதைகளின் காலில் தளை கிடையாது. எங்கள் செவலைக்கு உண்டு.

தளை என்றால் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற குட்டைக் கயிறு. கட்டிவிட்டால் குதிரை சின்னச் சின்ன எட்டாக வைத்து மேயும், ஓட முடியாது. இந்த ஊர்ப்பக்கம் குதிரை வைத்திருக்கிற எல்லாரும் செய்வதுதான். எங்களுக்கு அது கட்டாயமாகவே ஆகிவிட்டது. செவலை ஒருமுறை பக்கத்துக் காட்டு மக்காச்சோளத்தில் புகுந்து ஒரு பாத்தியைக் காலி பண்ணிவிட்டாள். காட்டுக்காரர் வாசலில் வந்து நின்று பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் எங்கள் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். அதிலிருந்து தளை இல்லாமல் அவளை வெளியே விட்டதே இல்லை.

அண்ணன் தம்பி பிரிந்தது ஒரு பாதைக்காக. பாகம் பிரித்தபோது கிணற்றுக்குப் போகிற வண்டிப்பாதை யார் பங்கில் வருகிறது என்று பேச்சு வளர்ந்து, கை நீண்டு, மூத்தவரின் சட்டைப் பை கிழிந்தது. அன்றோடு பேச்சு நின்றது. நிலம், தென்னை, வீடு எல்லாவற்றையும் கயிறு பிடித்து அளந்தார்கள். கிணற்றை அளக்க முடியாதே! அதற்கு எங்கள் பக்கம் முறை வைத்துக்கொள்வார்கள். இந்த வாரம் உனக்கு மோட்டார், அடுத்த வாரம் எனக்கு. செவலையையும் அளக்க முடியவில்லை. வெளியாளுக்கு விற்கவும் மனமில்லை, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. பஞ்சாயத்து பேசிய பெரியவர் களைத்துப்போய், "கெணத்துக்கு வச்ச மாரி குதிரைக்கும் முறை வச்சிக்கிடுங்கப்பா, ஆள விடுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் சலித்துப்போய்ச் சொன்னதை இவர்கள் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி முறை மாறும். கிணற்றில் ஒருவர் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போன பிறகுதான் மற்றவர் போவார், முகத்தில் முழிக்காமல். குதிரைக்கும் அப்படியே. யாருடைய முறை முடிகிறதோ அவர் மதியத்துக்கு மேல் செவலையைக் கொண்டுபோய்க் கண்மாய்க்குள், ஓடை வந்து சேருகிற இடத்தில் தளை போட்டு விட்டுவிட்டு வந்துவிடுவார். ஓடைக்கு வடகரையில் எங்கள் நிலம், தென்கரையில் அவர்களுடையது, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத கண்மாய்ப் புல். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அடுத்த முறைக்காரர் வந்து ஓட்டிக்கொண்டு போவார். இடைப்பட்ட நேரத்தில் அவள் யார் குதிரை என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் கிடையாது.

பந்தயம் அத்தோடு போச்சு. இவர் ஓட்டினால் அவர் விடமாட்டார், அவர் பூட்டினால் இவர் விடமாட்டார். ஒருமுறை மூத்தவரின் முறையில், மழை சாத்துகிறது, குதிரை வெளியே நனைகிறது என்று என் கணவர் மனது கேட்காமல் ஓட்டி வந்து எங்கள் கொட்டகையில் கட்டிவிட்டார். நல்லதுதானே செய்தார்? மூத்தவர் தெருவில் நின்று, "என் முறைக் குதிரையைக் களவாண்டுட்டான்" என்று ஊரைக் கூட்டிவிட்டார். போலீஸில் இருந்தவர் அல்லவா, களவு என்ற வார்த்தை அவர் வாயில் அப்படிப் பொருந்தியது. அதற்குப் பிறகு அடுத்தவர் முறையில் செவலை கீழே விழுந்து கிடந்தாலும் தொடுவதில்லை என்று என் கணவர் சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணினார்.

எனக்கும் அக்காவுக்கும் அந்தச் சத்தியம் எதுவும் இல்லை. ஆண்கள் வெளியே போனதும் போனில் பேசிக்கொள்வோம். குழம்புக்கு என்ன, செவலை கொள்ளு தின்றாளா, இடது காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கு, பாருங்க. அவ்வளவுதான் பேச்சு. என் கணவருக்கு அரைகுறையாகத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். மூத்தவருக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த வீட்டில் யார்மேல் அடி விழும் என்பது எனக்கும் அக்காவுக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை முடிந்தது எங்கள் முறை. காலையிலேயே மலை பாதி மறைந்திருந்தது, மத்தியானம் முழுசாகக் காணோம். அந்த இடத்தில் மசிக் கறுப்பு. எங்கள் தலைக்கு மேலே மட்டும் வெயில். காற்று நின்று புழுங்கியது. செவலை கொள்ளைத் தொடாமல் காதை மேற்கே திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள். என் கணவர் தளைக் கயிற்றை எடுத்தார்.

"ஏங்க, இன்னைக்கு விடாதிய. மலையைப் பாருங்க."

"போன்ல மிதமான மழைன்னுதான் போட்டிருக்கான்."

"போன் மலைக்குள்ளயா போய்ப் பாத்துச்சு? ஓடை வந்துச்சுன்னா தளையோட அது என்ன செய்யும்?"

"ஓடை வாறதுக்குள்ள அங்கேர்ந்து வந்து ஓட்டிட்டுப் போவாவ."

"வரலன்னா?"

"வரலன்னா அவிய பாடு. என் முறை முடிஞ்சுது. இதுக்கு மேல இங்க கட்டி வச்சா நாளைக்கு நான் களவாணி. போதுமா?"

"தளையாச்சும் போடாம விடுங்க."

"சோளத்துல புகுந்தா நீ போயி ஏச்சு வாங்குதியா?"

மழைக்குக் குதிரையை விடலாமா வேண்டாமா என்பது இல்லை அவர் மனதில் ஓடியது. அண்ணனுக்கு முன்னால் ஒரு சுண்டுவிரல் அளவுகூட இறங்கிவிடக் கூடாது. அந்தக் கணக்கில் செவலை எங்குமே இல்லை. அவர் ஓட்டிக்கொண்டு போனார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் திரும்பி வந்து சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்ததும் நான் கொல்லைக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, செவலையை ஓடை வாயில தளை போட்டு விட்டுட்டு வந்துட்டாவ. மலை இருட்டிக்கிட்டு நிக்கி. உங்க வீட்டுக்காரவியள இப்பவே போயி ஓட்டிட்டு வரச் சொல்லுங்க."

"நான் எப்பிடிட்டி சொல்லுவேன்? அதுக்குள்ள கொண்டுவந்து விட்டாச்சுன்னு உனக்கு யாரு சொன்னான்னு கேப்பாவளே."

"மழை வருது, போயிட்டு வாங்கன்னு பொதுவாச் சொல்லுங்க."

"அதைச் சொல்லிட்டேன். வெளக்கு வைக்கதுக்கு முன்னால போனா நாமளா முந்திக்கிட்டுப் போன மாரி ஆயிரும்கிறாவ. அவன் முறை முடியட்டும்கிறாவ." அக்காவின் குரல் தாழ்ந்தது. "செத்த நேரம் பொறு. இன்னொரு தடவ சொல்லிப் பாக்கேன். வச்சிருதேன், வருதாவ."

இரண்டு வீட்டிலும் இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்த வீம்புக்கு நடுவில் தளை போட்ட ஒரு ஜீவன் கண்மாய்க்குள் நின்றது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. கொடியில் கிடந்த துணி காய்ந்து மொடமொடவென்றிருந்தது, ஒரு தூறல் இல்லை. இரைச்சல் மட்டும் நிற்காமல் வந்தது. நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். போகிறபோதே, "ஓடை வந்துட்டு, எந்திரிங்க" என்று கரடியாகக் கத்தினேன்.

செந்தண்ணீர், நுரையும் சருகும் முறிந்த கிளையுமாக வந்துகொண்டிருந்தது. ஓடை கண்மாய்க்குள் இறங்குகிற இடத்தில் ஒரு மண்திட்டு உண்டு, அதில்தான் புல் செழிப்பு. செவலை அதன்மேல் நின்றாள். திட்டுக்கு இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். அவள் ஓடிப் பார்க்கிறாள், முன்னங்கால் இரண்டும் சேர்ந்து தூக்கிப் போடுகிறது, மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கிறாள். கனைக்கிறாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

எதிர்க்கரையில் மூத்தவர் கையில் தலைக்கயிற்றோடு நின்றார். விளக்கு வைக்கிற நேரம் சரியாக ஆகியிருந்தது, ஆசாமி ஒரு நிமிஷம் முந்தவும் இல்லை பிந்தவும் இல்லை. அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க அக்கா. என் கணவர் கிணற்று வடத்தைத் தோளில் சுற்றிக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. அவருக்குத் தெரியும் என்ன செய்ய வேண்டும் என்று, ராணுவத்தில் எத்தனை ஆறு கடத்தியிருப்பார். கயிற்றை ஒரு கரையில் மட்டும் பிடித்தால் இறங்குகிற ஆளைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு கரையிலும் மரத்தில் இழுத்துக் கட்டினால் அதைப் பிடித்துக்கொண்டு திட்டுக்குப் போய்த் தளையை அறுத்துவிடலாம். கால் மட்டும் அவிழ்ந்தால் செவலை நீந்திவிடுவாள். அதற்கு அந்தக் கரையில் ஒரு ஆள் வேண்டும். ஆள் நிற்கிறார். கூடப் பிறந்த ஆள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

என் கணவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கயத்துல கல்லைக் கட்டி எறியுதேன். பிடிச்சு மரத்துல கட்டச் சொல்லு."

எனக்கு முதலில் புரியவில்லை. "நீங்க சொல்லுங்க. அந்தா நிக்காவல்ல!"

"நீ சொல்லுட்டி!"

நான் கத்தினேன்: "அக்கா! கயத்தை எறியுதாவளாம், பிடிச்சு மரத்துல கட்டச் சொல்லுங்க!"

அக்கா, பக்கத்தில் கை எட்டுகிற தூரத்தில் நின்ற தன் புருஷனிடம் திரும்பிச் சொன்னார். அவர் காதில் நான் கத்தியது விழாமலா இருந்திருக்கும்? அக்கா சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் ஏதோ சொன்னார். அக்கா இந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார்: "எந்த மரத்துலன்னு கேக்காவ!"

"வேம்புல கட்டச் சொல்லு" என்றார் இவர்.

"வேம்புலயாம்க்கா!"

"வேம்பு தாங்காதாம்! மேல தள்ளி இருக்குத புளியில கட்டுதாவளாம்! கயிறு எட்டுமான்னு கேக்காவ!"

"எட்டும்னு சொல்லு!"

கடவுளே! தண்ணீர் திட்டின்மேல் ஏறிக்கொண்டிருக்கிறது, புல் மறைந்துவிட்டது, குதிரையின் முழங்கால் நனைகிறது, இரண்டு கிழவர்கள் எங்கள் தொண்டையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதல் எறி தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது எறியை மூத்தவர் பிடித்தார். பிடித்துக்கொண்டு அக்காவிடம் என்னவோ சொன்னார். அக்கா அழுதுகொண்டே கத்தினார்: "இன்னைக்கு முறை யாருதுன்னு கேக்காவட்டி! பொறவு பேச்சு வரக்கூடாதாம்!"

அந்த நேரத்தில் செவலை தாவினாள். எங்கள் கரைக்கும் இல்லை, அவர்கள் கரைக்கும் இல்லை, தண்ணீர் போகிற பக்கமாக. ஒருமுறை தலை மேலே வந்தது. பிறகு முதுகு. பிறகு ஒன்றும் இல்லை. "பாவிகளா!" என்று நான் கத்தியது யாரை நோக்கியென்று கேட்டால் இரண்டு கரையையும்தான்.

மறுநாள் காலையில் கண்மாய் மடையை ஒட்டிச் சீமைக்கருவேலப் புதரில் அவள் சிக்கிக் கிடந்தாள். தளை அப்படியே இருந்தது. நனைந்த கயிறு இறுகித் தோலுக்குள் போயிருந்தது. என் கணவர் சேற்றில் மண்டிபோட்டு உட்கார்ந்து அதை அறுத்தார். அறுத்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பனியில் கழுதைகளைச் சாகக் கொடுத்துவிட்டும் அழாத மனுஷன் என்று ஊரில் பேர். மூத்தவர் கரைமேல் நடந்து வந்தார், வந்து நின்றார், "தம்பி" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். சுற்றி நின்றவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். "செத்தும் ரெண்டு பேரையும் சேத்து வச்சிட்டுப் போயிட்டு, மகராசி" என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சேர்த்துவைக்கவா அவளைப் பெற்றுப்போட்டது?

அன்று சாயந்தரம் மூத்தவர் எங்கள் வீட்டுக்குள் வந்தார். அக்காவும் கூட வந்தார். பஞ்சாயத்துப் பெரியவரையும் கூட்டி வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று ஆண்களும் உட்கார்ந்தார்கள், நான் காப்பி கொடுத்தேன். கொஞ்ச நேரம் செவலையின் குணத்தைப் பேசினார்கள். பிறகு மூத்தவர், "நடந்தது நடந்துபோச்சு. ஆனா, ஓடை வாயில தளையோட நிக்கின்னு ஒரு வார்த்த எனக்குச் சொல்லி விட்டிருந்தா நான் முன்னாடியே போயிருப்பேன்ல?" என்றார்.

எங்கே விடுவது வழக்கம் என்று அவருக்குத் தெரியாதா? எத்தனை வெள்ளிக்கிழமை அவரே அதே இடத்தில் விட்டிருக்கிறார்! என் கணவர் இதைக் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அண்ணன் வீடேறி வந்த சந்தோஷத்தில் இருந்தார். அவர் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீயாச்சும் அங்க சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்" என்றேன். "அக்காவுக்கு மத்தியானமே போன் போட்டுச் சொன்னேன்."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். மூத்தவர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். ஸ்டேஷனில் ஆளை நிறுத்தி விசாரிக்கிற குரலில், "போன் வந்துச்சா?" என்று கேட்டார்.

அக்கா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு யாரும் போன் போடல. நான் அவகூடப் பேசுறதே இல்லையே."

என் போன் ஜாக்கெட்டுக்குள்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் எத்தனை மணிக்குப் பேசினோம், எவ்வளவு நேரம் பேசினோம் எல்லாம் அதிலேயே இருக்கும். மூத்தவரின் கை நாற்காலியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். நீட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். நின்றதையே எல்லாரும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

"சரி விடு, பொம்பளைக புத்தி" என்று பெரியவர் முடித்துவைத்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பாகம் பிரித்த நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

இப்போது ஊரில் அதுதான் கதை. தம்பி பெண்டாட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குதிரை பிழைத்திருக்கும். கடைக்குப் போனால் என்னிடமே சொல்கிறார்கள். மூத்தவர் அநேகமாகத் தினமும் வருகிறார். இரண்டு பேரும் ஒரு வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறார்கள், பால்கோவா வாங்கிக்கொண்டு வருகிறார்கள், முறை பார்க்காமல் மோட்டார் போடுகிறார்கள். கிணற்றுப் பாதையைப் பொதுவில் விட்டுவிட்டார்களாம். அன்றைக்கே விட்டிருந்தால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "பழசைக் கிண்டாத" என்று பதில் வந்தது.

அக்காவும் வர ஆரம்பித்தார். ஒளிந்து பேசிய காலம் போய்விட்டது, இப்போது வாசல் வழியாகவே வரலாம். ஒருநாள் கிண்ணத்தில் மீன்குழம்பு கொண்டுவந்து அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெங்காயம் உரித்துக் கொடுத்தார். விலைவாசி பேசினார். அப்புறம், "அவிய ரெண்டு பேரும் சேந்துட்டாவல்ல, அது போதும்ட்டி நமக்கு" என்றார்.

"உங்களுக்குப் போதும்க்கா" என்றேன். "நீங்க பயந்துபோய்ச் சொன்னிய, எனக்குத் தெரியும். குதிரை செத்ததுக்கு யாராச்சும் ஒருத்தி வேணும், அது நானாவே இருந்துட்டுப் போறேன். அன்னைக்கு என் வாயில வந்ததை முழுங்குனேனே, அது உங்களுக்காகத்தான். ஆனா இங்க வந்து உக்காந்துக்கிட்டு ஒண்ணும் நடக்காத மாரி வெங்காயம் உரிக்காதிய. ஒரே ஒரு தடவ, யாரும் இல்லாத இந்த அடுப்படியில, ஆமட்டி, நீ சொன்னேன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு."

அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்தார். வாசல் பக்கம் பார்த்தார். வெளியே அண்ணனும் தம்பியும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கிண்ணத்தைக் கழுவி நான்தான் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை, நானும் போகவில்லை. வழியில் பார்த்தால் அவர் தலையைக் குனிந்துகொள்கிறார்.

போன வாரம் மூத்தவர் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். மோருக்கு வந்தபோது, "என்ன, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டேங்கியளாமே?" என்று கேட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார். "பாத்தியா தம்பி, இந்தப் பொம்பளைகளுக்குள்ள ஒத்துமையே கெடையாது."

என் கணவர் சிரித்தார். நான் மோரை ஊற்றினேன்.